குழந்தையோடு ஜியோகேச்சிங்: கையடக்க ஜிபிஎஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் முதல் டப்பாவை ஒளித்துவைத்தார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது.

இதைக் குழந்தையோடு ஆடுவதென்றால் நான் சொல்வது ஒன்றுதான்: கருவி குழந்தையின் கையில் இருக்க வேண்டும், நாம் பின்னால் நடக்க வேண்டும். நமக்குப் பிடித்த கருவியை வாங்காமல், எட்டு வயதுக் கைக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள்.

படி 1: முதலில் போனிலேயே போய்ப் பாருங்கள்

ஜியோகேச்சிங் ஆப்பில் இலவசக் கணக்கு தொடங்கி, வரைபடத்தில் மதுரையைத் திறந்து பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் டப்பாக்கள் அடுத்தடுத்து இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதி நேரம் நாமே ஒளித்து நம் பிள்ளைகளைத் தேடவிடுவதாகத்தான் இருக்கும், அதுவும் நல்ல விளையாட்டுதான். ஒன்றிரண்டு முறை போய்வந்த பிறகும் பிள்ளை கேட்டால் தனிக் கருவியைப் பற்றி யோசியுங்கள்.

போனே போதாதா என்றால், பெரியவர்களுக்குப் போதும். ஆனால் சித்திரை வெயிலில் போன் சூடாகித் திரையின் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாறையில் விழுந்தால் செலவு. நடுவே வாட்ஸப் வேறு வந்து நிற்கும்.

படி 2: கையில் வைத்துப் பாருங்கள்

பட்டன் உள்ள கருவியே நல்லது என்பது என் கருத்து. வியர்த்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. கழுத்தில் மாட்டக் கயிறு கோர்க்க இடம் இருக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 தரம் என்று போட்டிருந்தால், 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். திரையைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில், பின்விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

படி 3: நின்றாலும் அம்பு நிற்கிறதா?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சில கருவிகளில் காந்தத் திசைகாட்டி கிடையாது. நாம் நடக்கும்போது இடம் மாறுவதை வைத்தே அவை திசையைக் கணக்கிடும். நின்றுவிட்டால், டப்பா இருக்கும் பக்கத்தைத் திரையில் காட்டுகிற அம்பு கண்டபடி சுற்றும். பெரியவர்கள் நடந்துகொண்டே இருப்போம். குழந்தை பத்தடிக்கு ஒருமுறை நிற்கும், எறும்பைப் பார்க்கும், திரும்பி நம்மைக் கூப்பிடும். ஒவ்வொரு தடவையும் அம்பு வேறு பக்கம் காட்டினால் அதற்கு நம்பிக்கை போய்விடும். அதனால் எலக்ட்ரானிக் திசைகாட்டி உள்ள கருவியாகவே வாங்குங்கள். பேட்டரி செல் மாற்றினால் திசைகாட்டியை ஒருமுறை அளவீடு செய்ய வேண்டும், அதை பைக், கார் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள்.

படி 4: செல், சிக்னல்

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ செல்லில் ஓடும் கருவி என்றால், மதுரைக்கு வெளியே கீழக்குயில்குடியில் செல் தீர்ந்தாலும் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். ரீசார்ஜ் செய்யும் செல் போடுவதாக இருந்தால் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று தப்பாகக் காட்டும்.

வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிழை சாதாரணம். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்தில் போய் நின்றால் கதை வேறு. பாறை பாதி வானத்தை மறைத்துவிடும். சில சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும், அந்தக் கூடுதல் தூரத்தையும் கருவி நேர்த்தூரமாகவே எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கிற கருவி இங்கே கைகொடுக்கும். ஒரே செயற்கைக்கோளை இரண்டு அலைவரிசையில் கேட்கிற கருவி இன்னும் நல்லது, ஆனால் விலை ஏறும்.

படி 5: எதை வாங்கலாம்?

கார்மின் ஈட்ரெக்ஸ் வரிசையோடு நிறுத்திக்கொண்டால் போதும். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் 2.2 அங்குல வண்ணத்திரை, இரண்டு ஏஏ செல், சுமார் 25 மணி நேரம். 22எக்ஸில் காந்தத் திசைகாட்டி இல்லை, 32எக்ஸில் உண்டு. ஈட்ரெக்ஸ் எஸ்இ கருப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது, ஆனால் திசைகாட்டி உண்டு, வெயிலில் பளிச்சென்று தெரியும், 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். டப்பா விவரங்களைப் போன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். பத்து வயதுக்குக் கீழே என்றால் நான் எஸ்இதான் சொல்வேன். அம்பும் தூரமும் போதும், வரைபடம் நம் போனில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பெயரிலோ விவரத்திலோ “இன்ரீச்” என்று இருந்தால் வாங்காதீர்கள், வெளிநாட்டிலிருந்து யாரிடமும் கொண்டுவரவும் சொல்லாதீர்கள். அது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தாலே வழக்கு வரும், விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.

படி 6: மொட்டை மாடியில் தயார் செய்யுங்கள்

புதுக் கருவியை மாடியில் வைத்து 15 நிமிடம் விட்டுவிடுங்கள். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற அட்டவணை முழுசாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். அமைப்பில் நில அளவைத் தளம் (இட எண்ணைக் கணக்கிடும் அளவுமுறை) டபிள்யூஜிஎஸ் 84, தூரம் மீட்டர், இட எண் (அட்சரேகை, தீர்க்கரேகை) டிகிரியும் தசம நிமிடமும் என்று வையுங்கள். மதுரை நகரின் நடுப்பகுதி வடக்கு 09° 55, கிழக்கு 078° 07 என்று தொடங்கும், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும். கடைசி இலக்கத்தில் ஒன்று தப்பினால் ஏறக்குறைய 1.8 மீட்டர், நடு இலக்கம் தப்பினால் 18 மீட்டர், முதல் இலக்கம் என்றால் அடுத்த தெரு. எண்ணைக் குழந்தையே அடிக்கட்டும், நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள்.

படி 7: தெப்பக்குளத்தில் ஒரு காலை

மாரியம்மன் தெப்பக்குளத்தைவிடப் பழக நல்ல இடம் எனக்குத் தெரியாது. வானம் முழுசாகத் திறந்திருக்கும், ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். ஒரு மூலையில் நின்று இடத்தைப் பதிவு செய்துவிட்டு அடுத்த மூலைக்கு நடங்கள், தூரம் ஏறுவதைப் பிள்ளை படித்துக்கொண்டே வரட்டும். அப்புறம் எதிர்மூலைக்குப் போய், தொடங்கிய இடத்துக்குக் கருவியிடம் வழி கேளுங்கள். “அப்பா, தண்ணிக்குள்ள போகச் சொல்லுதுப்பா!” என்று என் மகள் கத்தினாள். அம்பு காட்டுவது நேர்க்கோடு, நடக்கிற பாதையை நாம்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. கிணறும் கண்மாயும் முள்வேலியும் உள்ள நம் ஊரில் இது தெரியாமல் குழந்தையைக் கருவியோடு விடக் கூடாது.

படி 8: ஒளிப்பதும் தேடுவதும்

நீங்கள் ஒளித்தால், அந்த இடத்தில் சில நிமிடம் நின்று சராசரி எடுத்துப் பதிவு செய்யுங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் இட உரிமையாளரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, அடுத்த டப்பாவுக்கு 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குப் போங்கள், சிற்பங்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட அந்த இடத்தில் எதையும் சொருகிவைக்காதீர்கள். டப்பாவுக்குள் மிட்டாய் வேண்டாம், அழகர்கோவில் குரங்குகள் ஒன்றையும் விட்டுவைக்காது.

தூரம் 5 மீட்டருக்குள் வந்ததும் கருவியைக் கழுத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் கருவிக்கே தெரியாது, கண்தான் தேட வேண்டும். கல்லிடுக்கிலும் வேர்ப்பொந்திலும் குழந்தை கையை நுழைக்கக் கூடாது. பாம்பும் தேளும் இருக்கிற ஊர், நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை வெளியே எடுத்துக் கொடுங்கள். திறப்பதும் நோட்டில் பெயர் எழுதுவதும் பிள்ளையின் வேலை.