மினிமம் டியூ மட்டும் கட்டுகிறீர்களா?

கிரெடிட் கார்டு பில்லில் டோட்டல் டியூ (மொத்தப் பாக்கி), மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று இரண்டு தொகை இருக்கும். கையில் பணம் இல்லாத மாதத்தில் கண் தானாகச் சின்னத் தொகைக்குத்தான் போகும். தயவுசெய்து அதோடு நின்றுவிடாதீர்கள்.

ரூ.30,000 பில்லுக்கு மினிமம் ரூ.1,500 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5% வட்டி என்றால் மீதி ரூ.28,500-க்கு ஒரு மாத வட்டியே ரூ.997. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.1,177. கட்டிய ஆயிரத்து ஐநூறில் கடன் குறைவது முன்னூற்றுச் சொச்சம்தான்! இதைவிடப் பெரிய அடி, பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு விவரத்தையும் அழித்துவிடுங்கள்.

பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், அது டோட்டலுக்கா மினிமத்துக்கா என்று இன்றே பாருங்கள். சம்பளம் 1-ஆம் தேதி, கெடு 28-ஆம் தேதி என்று இடித்தால் பில்லிங் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள்; ரிசர்வ் வங்கி விதியே அதற்கு இடம் தருகிறது. ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, கூடவே தனிக் கட்டணம்.