நாய்க்கு விதி வகுக்கும் முன் வீட்டார் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

வீட்டு நாய்க்கு விதி வகுக்க நினைப்பவர்கள், முதலில் வீட்டில் உள்ள அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நாய் சோபாவில் ஏறலாமா, சமையலறைக்குள் வரலாமா என்பவற்றை அப்போதே முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ‘இறங்கு’ என்றும் பிள்ளைகள் ‘கீழே போ’ என்றும் சொன்னால், நாயின் காதுக்கு அவை இரண்டு வேறு ஒலிகளே.

எல்லாவற்றிலும் கடினமானது சாப்பாட்டு நேரம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் மத்திக் குழம்பு வைக்கும் நாள்களில், நாய் தாத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எச்சில் தரையில் சொட்டச் சொட்ட அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் எப்போதாவது ஒரு துண்டுதான் போடுவார். ஆனால் எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலைதான் நாயை விடாப்பிடியாகக் காத்திருக்க வைக்கிறது. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்று எடுத்துச் சொன்ன பிறகு தாத்தா நிறுத்திக்கொண்டார். கொடுக்கும் மகிழ்ச்சியை அவரிடமிருந்து பறிக்க எங்களுக்கு மனம் வராததால், நாய்க்கு அதன் தட்டில் சோறு வைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம். நிறுத்திய புதிதில் நாய் முன்னைவிட அதிகமாகக் குரைக்கலாம். அந்த நேரத்தில் மனமிரங்கி ஒரு வாய் போட்டால், பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

‘வராதே’ என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. எங்கே இருக்கலாம் என்பதையும் காட்ட வேண்டும். ஒரு சாக்கை மடித்துப் போட்டு, நாய் தானாக அதில் படுக்கும்போதெல்லாம் பாராட்டி, சிறு தீனி கொடுத்து வாருங்கள். காலையில் கடித்த செருப்பைக் காட்டி மாலையில் அதட்டுவதால் பயன் எதுவும் இல்லை. நம் கோபம் எதற்காக என்று அதற்குப் புரியாது.

விதி நாயால் கடைப்பிடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்க முடியாது. நடுவில் ஒருமுறை எழுந்து வெளியே கூட்டிச்செல்வது நம் கடமை. அக்னி நட்சத்திர நாள்களில் தார்ச்சாலை சுடும் முன்னரே, விடியற்காலையில் நடத்திக் கூட்டிவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் திண்ணை முழுவதையும் நனைத்துவிடும்; ‘திண்ணையில்தான் படுக்க வேண்டும்’ என்று அப்போதும் பிடிவாதம் பிடிப்பது கொடுமை. அதே சாக்கைக் கூடத்தின் மூலையில் போட்டுவிட்டால், நாய் அதைத் தேடி வந்து படுத்துக்கொள்ளும்.