யாழ்ப்பாணத்தில ஒரு சின்னப் பேப்பர் நடத்திக்கொண்டு எச்.ஐ.வி பற்றி வெளியில கதைக்கிறது எப்பிடி

உங்களுக்கு எச்.ஐ.வி இருக்கு எண்டு வெளியில சொல்லுறதுக்கு முதல் ஒண்டு செய்து பாருங்கோ. ஒரு கிழமை ஒப்பிஸ் பக்கம் போகாமல், போனையும் நிப்பாட்டி வைச்சிட்டு வீட்டில இருங்கோ. அந்தக் கிழமை பேப்பர் நேரத்துக்கு அச்சுக்குப் போய், ஏஜெண்டுமாரின்ர காசும் பாங்கில விழுந்ததெண்டால் நீங்கள் சொல்லலாம். இல்லையெண்டால் இன்னும் ஆறு மாசம் பொறுங்கோ.

நான் மறுவளமாச் செய்த ஆள். ஒரு கூட்டத்தில எனக்கு எச்.ஐ.வி இருக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன், அடுத்த கிழமை ரெண்டு விளம்பரக்காரர் நிப்பாட்டிச்சினம், வெப்சைட் பாஸ்வேட்டும் செக்கில கையெழுத்தும் என்னட்ட மட்டும்தான், நான் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திட்டன், அந்தக் கிழமை பேப்பரே வரேல்லை. சனம் அதைப் பாத்து ஆள் முடிஞ்சுது எண்டு கதைச்சுது. பேப்பர் வந்திருந்தால் அந்தக் கதை எழும்பியிராது.

அதால முதல் வேலை தொழிலை நிமித்துறது. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிவு, பத்திரிகையெண்டால் தேசிய சுவடிகள் திணைக்களத்தில பதிவு, வேலை செய்யிற பிள்ளையளுக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) உங்கட பக்கம் 12 வீதம் அவையின்ர பக்கம் 8 வீதம், ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) உங்கட பக்கம் 3 வீதம், இதெல்லாம் ஒழுங்கா இருக்கோணும். உங்களை விழுத்த நினைக்கிறவை எச்.ஐ.வி எண்டு சொல்லிக்கொண்டு வரமாட்டினம், கட்டாத ஈபிஎப்பைத்தான் பிடிப்பினம். செக்கில கையெழுத்துப் போட இன்னொரு ஆள், பேஸ்புக் பேஜுக்கு இன்னொரு அட்மின், ரெண்டும் கட்டாயம்.

வருமானத்தைப் பற்றிச் சொன்னால், இஞ்ச சின்னப் பேப்பர் ஓடுறது மரண அறிவித்தலிலயும் அந்தியேட்டி, 31ம் நாள் நினைவஞ்சலியிலயும்தான். கனடாவில லண்டனில இருக்கிற பிள்ளையள் காசு அனுப்பிப் போடுவிக்கினம். அதுக்குப் பிறகு ரியூட்டரி, பேந்து நல்லூர்க் கொடியேறி 25 நாளும் வாற கடை விளம்பரம். எந்த ஒரு ஆளின்ர விளம்பரமும் மொத்த வருமானத்தில அஞ்சில ஒரு பங்குக்கு மேல போக விடாதேங்கோ, எனக்கு அடி விழுந்தது அதிலதான். மூண்டு மாச அச்சுக்கூலி தனிக்கணக்கில கிடக்கோணும். மரண அறிவித்தல் தர வாற ஆக்களோட கதைக்க நல்ல பொறுமையான ஒரு பிள்ளையை முன்னுக்கு இருத்துங்கோ, செத்தவீட்டுக்காரருக்கு முதலாளிக்கு என்ன வருத்தம் எண்டு யோசிக்க நேரமில்லை, பேரில எழுத்துப்பிழை வரக்கூடாது எண்டதுதான் அவையின்ர கவலை.

அமெரிக்காவில ஷோன் ஸ்ட்ரப் எண்டு எச்.ஐ.வியோட வாழுற ஒருத்தர் 1994ல போஸ் எண்ட சஞ்சிகையைத் தொடங்கினவர், அதுக்குக் காசு தன்ர ஆயுள் காப்புறுதியை வித்துத்தான் எடுத்தவர். கூட்டு மருந்துச் சிகிச்சை 1996ல வரமுதல் இருந்த நிலைமை அப்பிடி. இண்டைக்கு நாங்கள் இருவது முப்பது வருசக் கணக்குப் போட்டுத் தொழில் நடத்தலாம், போடவும் வேணும், கடனோ மெஷினோ எதுவெண்டாலும்.

மருந்து விசயத்தை அரைகுறையா விடாதேங்கோ. யாழ் போதனா ஆஸ்பத்திரி பாலியல் நோய் கிளினிக்கில பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியில போகாது. எங்கட தொழிலில இரவு முழுக்க முழிப்பு, வெறும் வயித்தில பிளேன்ரீ, நெஞ்செரிவு, உடன காஸ்ரிக் குளிசை போடுற பழக்கம். உங்கட மருந்தில டொலுடெக்ராவிர் இருந்தால் அலுமினியம், மக்னீசியம் உள்ள காஸ்ரிக் மருந்துக்கு ரெண்டு மணித்தியாலம் முந்தி, இல்லாட்டி ஆறு மணித்தியாலம் பிந்தித்தான் அதைப் போடோணும், இல்லையெண்டால் மருந்து ஒழுங்காச் சேராது. இதை கிளினிக்கில கேட்டு உறுதிப்படுத்துங்கோ. நான் அச்சு நாளுக்குத் தக்க மாறாத மாதிரி காலமை எட்டு மணிக்கு அலாரம் வைச்சிருக்கிறன். வைரல் லோட், அதாவது ரத்தத்தில இருக்கிற வைரசின்ர அளவு, கண்டறிய முடியாத அளவில நிண்டால் உடலுறவால மற்றவைக்குப் பரவாது, உலக சுகாதார நிறுவனமே 2023ல தெளிவாச் சொன்னது. மேடையில கதைக்கேக்க இதை முதல் அஞ்சு நிமிசத்துக்குள்ள சொல்லுங்கோ.

சொல்லுற ஒழுங்கு: வீடு, பேந்து உதவி ஆசிரியர், பேந்து வேலை செய்யிறவை, கடைசியாத்தான் ஊர். ஒப்பிஸில ஒரே கோப்பை, ஒரே கக்கூஸ் பாவிக்கலாமோ எண்டெல்லாம் கேப்பினம், கோவிக்காமல் மறுமொழி சொல்லுங்கோ, அவையள் பயத்தில கேக்கினம். ஆனா எப்பிடி வந்தது எண்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டாம், யார் கேட்டாலும். டொக்டர் கமலிக்கா அபேரத்ன, குழந்தை வைத்திய நிபுணர், விபத்துக்குப் பிறகு ஏத்தின ரத்தத்தால எச்.ஐ.வி வந்து அதைத் துணிஞ்சு வெளியில சொன்னவ. அவவின்ர கதையைக் கேட்டிட்டு "அவ பாவம், மற்ற ஆக்கள் அப்பிடியே?" எண்டு கதைச்ச ஆக்களை நானே கண்டிருக்கிறன். நீங்கள் காரணம் சொன்னால் உங்களைப் பாவம் எண்ட பக்கத்தில இருத்திப்போட்டு மிச்ச ஆக்களைத் தள்ளிவிடுவினம்.

பேப்பரில எச்.ஐ.வி செய்தி வந்தால் நீங்கள் கை வைக்காதேங்கோ, கடைசி முடிவு உதவி ஆசிரியரின்ரயா இருக்கட்டும், கீழ ஒரு வரி, இந்தப் பத்திரிகையின் உரிமையாளர் எச்.ஐ.வியோடு வாழ்பவர், இத்துறையில் குரல் கொடுப்பவர் எண்டு. தொண்டு நிறுவனக் காசு வந்தால் பேப்பர் கணக்கில போடாதேங்கோ, விளம்பரமெண்டால் விளம்பரம் எண்டு எழுதுங்கோ. "எயிட்ஸ் நோயாளி", "உயிர்க்கொல்லி" ரெண்டும் வேண்டாம், 1983லயே அமெரிக்காவில டென்வரில கூடின எயிட்ஸோட வாழ்ந்த ஆக்கள் தங்களைப் பலியாட்கள் எண்டு கூப்பிட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம், நாங்கள் இன்னும் தலைப்பில போடுறம்.

படத்தை மங்கலாக்கினால் காணும் எண்டு நினைக்காதேங்கோ. கோண்டாவில், ரீச்சர், ரெண்டு பிள்ளையள் எண்டு எழுதினாலே எந்த ஒழுங்கை எந்த வீடு எண்டு சனம் பிடிச்சிடும். 2016ல குளியாப்பிட்டியில ஒரு சின்னப் பெடியனுக்கு எச்.ஐ.வி எண்டு கதை கட்டி பள்ளிக்கூடத்தில சேர விடாமல் பண்ணினவை, பெடியனுக்கு எச்.ஐ.வி இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் சேத்திருக்கத்தான் வேணும், அதையும் சேத்து எழுதுங்கோ. தகவல் அறியும் சட்டத்தில, அதுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். மருந்து இருப்பு, பரிசோதனைக் கருவி இதுகளைக் கேளுங்கோ. பிரதேச செயலகப் பிரிவு வாரியா மாத எண்ணிக்கை கேட்டுப் போடாதேங்கோ, ஒண்டு ரெண்டு எண்டு வந்தால் ஆளைக் காட்டிக் குடுக்கிற மாதிரித்தான்.

நீங்கள் வெளியில சொன்ன பிறகு போன் வரும், இரவு பதினொரு மணிக்கும் வரும், சிலர் ஒண்டும் சொல்லாமல் அழுவினம். அதுக்கு எண்டு தனி நம்பர் வைச்சிருங்கோ, நிருபர்மாருக்கு அந்தப் போனைக் குடுக்கக்கூடாது, பேர் எழுதிவைக்கக்கூடாது, எவ்வளவு நல்ல செய்தியா இருந்தாலும் அந்தப் போனில வந்தது பேப்பருக்குப் போகக்கூடாது. கிளினிக்குக்குக் கூட வரச்சொல்லிக் கேப்பினம். ஆசையா இருக்கும், ஆனா போகாதேங்கோ, உங்களை ஊருக்கே தெரியும், உங்களோட அந்த வாசலில நிண்டால் அவையையும் தெரிஞ்சிடும். எந்தக் கதவால போறது, ஆரைக் கேக்கிறது எண்டு விளங்கச் சொல்லிப்போட்டு, அவையள் வெளியில வந்து எடுக்கிறமட்டும் போனைக் கையில வைச்சிருங்கோ.