படித்த புத்தகங்களை வயதுவாரியாகத் தொகுப்பது எப்படி

"உங்களுக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள்?" என்று யாராவது கேட்டால் மூன்று பதில்களுக்கு மேல் வராது. அந்த மூன்றும் அநேகமாக சமீபத்தில் படித்தவையாகவோ, சொன்னால் மதிப்பு கூடும் என்று தோன்றுபவையாகவோ இருக்கும். ஆகவே, "எது பிடித்தது" என்று ஆரம்பிக்க வேண்டாம். எங்கே உட்கார்ந்து படித்தோம் என்று ஆரம்பியுங்கள்.

ஒரு நோட்டை எடுத்து, வாழ்ந்த வீடுகளையும் படித்த வகுப்புகளையும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். அந்தந்தப் பக்கத்தில் புத்தகம் கைக்கு வந்த வழிகளைப் போடுங்கள்: பள்ளி நூலகம், அக்காவின் அலமாரி, பரிசு, இரவல், பழைய வார இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு. வழி ஞாபகம் வந்தால் புத்தகமும் கூடவே வரும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் போதும். மூடி வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால் விட்டுப்போனவை எட்டிப் பார்க்கும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்து விவரம்: நினைவில் உள்ள பெயர், ஆசிரியர், வயது, கிடைத்த வழி, மனதில் நிற்கும் ஒரு காட்சி. ஆறாவதாக "சரிபார்த்தது" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். முதல் ஐந்தையும் எழுதி முடிக்கும்வரை இணையத்தில் தேடாதீர்கள். கதைச் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டால் எது உங்கள் ஞாபகம், எது அங்கே படித்தது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது.

பெயர் மறந்த புத்தகங்கள்தான் பெரிய வேலை வாங்கும். அட்டையின் நிறத்தை நம்பாதீர்கள், மறுபதிப்பில் அது மாறும். தலைப்பையும் நம்ப முடியாது. சிறுவயதில் பலரும் கதாபாத்திரத்தின் பெயரையே தலைப்பாக வைத்துக்கொள்கிறோம். ஓரளவு நம்பக்கூடியவை உள்ளே இருந்த படம், விலங்குகளின் பெயர், விசித்திரமான ஒரு பொருள். தேடும்போது பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே அரிதான ஒரு சொல்லைச் சேருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் ராபர்ட், ராபட், ராபெர்ட் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பில், 1994இல் படித்தீர்கள் என்றால் அதற்குப் பிறகு முதன்முறையாக வந்த நூல்களை ஒதுக்கிவிடலாம். அதற்கு முன் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். அப்படியும் சிக்காவிட்டால் அது தனி நூலாக இல்லாமல், சிறுகதைத் தொகுப்பில் ஒரு கதையாகவோ பள்ளித் துணைப்பாடமாகவோ இருந்திருக்கும்.

கிடைத்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எத்தனையாவது பதிப்பு, மொழிபெயர்த்தவர் யார், மூலநூல் எது என்பதெல்லாம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். ஐ.எஸ்.பி.என். எனப்படும், புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணும் ஒரு துப்பு. 2007 ஜனவரியிலிருந்துதான் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. 13 இலக்கம் மட்டும் அச்சாகியிருந்தால் அநேகமாக நீங்கள் 1994இல் புரட்டிய அச்சு அது இல்லை. பழைய எண்ணைப் புதிய வடிவத்தில் தேட, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு மீதி ஒன்பதுக்கு முன்னால் 978 சேருங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அது மாறிவிடும். எண்ணே இல்லை என்றால், லை, னை போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். பதிப்பகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதால் இதை வைத்துத் தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

"சுருக்கம்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சிறுவயதில் 120 பக்கத்தில் படித்தது இப்போது 500 பக்கமாக வந்து நின்றால், அன்று படித்தது சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு. மறுவாசிப்பு ஏமாற்றம் தருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டையும் பட்டியலில் தனித்தனி வரிகளாகப் போடுங்கள். மறுபடி படித்தபின் கருத்து மாறினால் பழைய குறிப்பை அடிக்காமல், வேறு நிற மையில் தேதியோடு கீழே எழுதுங்கள்.

முப்பது வயதுக்கு மேல் சிக்கல் தலைகீழ். வாங்கியவை, பாதியில் விட்டவை, கைபேசியில் மேய்ந்தவை எல்லாம் படித்தவைபோலத் தோன்றும். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு காட்சியையோ ஒரு வாதத்தையோ சொல்ல முடிந்தால் மட்டும் சேருங்கள். ஒலிநூல் என்றால் அதையும் குறியுங்கள்.

கடைசியாக, பட்டியலைக் கணினியில் ஏற்றி ஆசிரியர் பெயரால் வரிசைப்படுத்துங்கள். முன்னெழுத்தோடு ஓரிடத்திலும் இல்லாமல் ஓரிடத்திலும் எழுதியிருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். முதலில் அதைச் சீராக்குங்கள். பிறகு இரண்டு மூன்று பக்கங்களில், அதாவது வெவ்வேறு வயதுகளில், திரும்பத் திரும்ப வரும் பெயர்களை மட்டும் தனியே எடுங்கள். நீங்கள் இன்னும் படிக்காத அவர்களுடைய நூல்களிலிருந்து அடுத்த வாசிப்பைத் தொடங்கலாம்.