மிடில் எர்த் உலகத்துக்கு நீங்களே ஒரு படக் கையேடு செய்யலாம்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மூன்று பாகக் கதை நடக்கும் கற்பனை உலகம்தான் மிடில் எர்த். அதைப் படிக்கும்போது, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று குழம்பிப் பாதியில் மூடி வைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் முறை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பித்தேன்.

1. முதலில் வரைபடம். 1954–55இல் வந்த பாகங்களுக்கு டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் வரைந்த படங்களைப் பார்த்து, நோட்டின் இரண்டு பக்கங்களில் பெரிதாக வரையுங்கள். ஷயர், ரிவெண்டெல், மோரியா, லோத்லோரியன், மினாஸ் டிரித், மோர்டோர், நடுவே ஓடும் ஆண்டுவின் ஆறு. இப்போதைக்கு இவை போதும்.

2. அடுத்து தேதி. கையேட்டின் முதுகெலும்பே இதுதான். கதாநாயகன் ஃப்ரோடோ ஷயரில் இருக்கும் வீட்டை விட்டுக் கிளம்புவது, கதையின் ஆண்டுக் கணக்குப்படி மூன்றாம் யுகம் 3018, செப்டம்பர் 23. ரிவெண்டெல் சேர்வது அக்டோபர் 20. ஒன்பது பேராக அங்கிருந்து புறப்படுவது டிசம்பர் 25. அதுவரை வரைபடத்தில் ஒரே கோடு போதும். பிப்ரவரி 26 அன்று குழு உடைகிறது. அங்கிருந்து ஆளுக்கொரு நிறத்தில் கோடு போடுங்கள். கதை ஒரு கூட்டத்தை நெடுந்தூரம் தொடர்ந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த கூட்டத்திடம் திரும்புகிறது. அதனால் தேதிக்கு ஒரு வரி வீதம் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால்தான் விஷயம் பிடிபடும். மார்ச் 15: மினாஸ் டிரித் வாசலில் பெரும்போர், அதே நாளில் மோர்டோருக்குள் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் தப்பி ஓடுகிறார்கள். படிக்கும்போது இரண்டுக்கும் நடுவே எத்தனை அத்தியாயங்கள்!

தேதிகளெல்லாம் பின்னிணைப்பில் வரிசையாகவே இருக்கின்றன. முதல் முறை படிப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், முடிவு தெரிந்துவிடும்.

3. பெயர்கள். ஒருவருக்கு ஒரே பக்கம். ஸ்ட்ரைடர், அரகார்ன், எலெஸ்ஸார் மூவரும் ஒரே ஆள். கண்டால்ஃபும் மித்ராந்திரும் அப்படியே.

4. கடைசியாகப் படங்கள், அதுவும் பென்சிலில். ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்களின் உயரம் இரண்டடியிலிருந்து நான்கடி என்று ஆசிரியரே சொல்லியிருப்பதால் கவலையில்லை. மோரியாவில் வரும் நெருப்பு அரக்கனான பால்ரோகுக்கு இறக்கை உண்டா என்பதில்தான் தகராறு. நிழல் இரண்டு இறக்கைகள்போல விரிந்தது என்று முதலில் வருகிறது. சற்றுத் தள்ளி, இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று வருகிறது. வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

கேரன் வின் ஃபான்ஸ்டாட் 1981இல் வெளியிட்ட அட்லஸ் கிடைத்தால், உங்கள் நோட்டு முடிந்த பிறகு திறந்து ஒப்பிடுங்கள். முன்னாலேயே பார்த்தால் கை அதையே நகலெடுக்கும்.

என் பால்ரோகுக்கு இறக்கை இல்லை. இரண்டு முறை அழித்த தடம் மட்டும் இருக்கிறது.