கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதியாகாதீர்கள்

அப்பாவுக்கு டயாலிசிஸ் என்றதும் வீட்டில் பழி சர்க்கரைமேல் போய்விடும். இல்லையென்றால் அவர் தண்ணீர் குடிக்காததுமேல். ஸ்கேன் அறிக்கையை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. இரண்டு சிறுநீரகங்களும் பெருத்து, நீர்க்கட்டிகள் நிறைந்திருப்பதாக அதில் இருந்தால், அது பரம்பரையாக வரும் பி.கே.டி. (பாலிசிஸ்டிக் கிட்னி டிசீஸ்) நோயாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு.

“நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே?” என்பார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் சில நோய்கள் தலைகாட்டும். பெரியவர்களிடம் காணப்படும் பி.கே.டி.க்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவள் தப்பினாள் என்ற கணக்கும் செல்லாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா புதிதாகத்தான் போடப்படுகிறது.

ஆளை ஏமாற்றுவது கிரியேட்டினின்தான்; சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இந்தக் கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் டெஸ்டில் பார்ப்பார்கள். கட்டிகள் வளர வளர, மிச்சமிருக்கும் நல்ல பகுதி கூடுதலாக உழைத்துப் பல ஆண்டுகள் அதை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஏறத் தொடங்கும்போது நிறையச் சேதம் நடந்து முடிந்திருக்கும். பெரும்பாலும் முதலில் ஏறுவது பி.பி. முப்பது வயதில் 150/100 காட்டினால், ஆபீஸ் டென்ஷன் என்று ஒதுக்காமல் வயிற்று ஸ்கேன் எடுங்கள். இருபது வயதில் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதும் முடிவான பதில் அல்ல. கட்டிகள் பிறகு தெரியவரலாம். நாற்பதைத் தாண்டியும் இரண்டு கட்டிகள்கூட இல்லையென்றால் அநேகமாகத் தப்பித்தீர்கள்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், ஐம்பது வயதுக்காரருக்கு ஒற்றைக் கட்டி தெரிந்தால் பதற வேண்டாம். வயதானால் அது சகஜம்.

விலா வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் பி.கே.டி. உள்ளவர்களுக்கு ஆகாது. வாழைத்தண்டுச் சாறு கட்டியைக் கரைக்காது. சிறுநீரகம் தளர்ந்தபின் அந்தச் சாற்றிலுள்ள பொட்டாசியமே தொந்தரவு. உப்பைக் குறைத்து, பி.பி. மாத்திரையை விடாமல் போடுவதில் பலன் உண்டு.

வரன் பேசும் வீட்டில் இதை மூடி மறைப்பதற்குக் காரணம் பயம்தான், புரிகிறது. கூடப் பிறந்தவர்களிடமும் மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளை அண்ணனுக்குச் சிறுநீரகம் தர முன்வருவது இளவயதுத் தங்கையாகவே இருக்கலாம். அவளுக்கு ஸ்கேன் மட்டும் போதாது, மரபணுப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

இன்னொன்று: இந்த நோய் உள்ள சிலருக்கு மூளை ரத்தக்குழாயிலும் வீக்கம் இருக்கும். சித்தப்பா ஒருநாள் தலைவலி என்று உட்கார்ந்தவர் எழவே இல்லை என்று வீட்டில் பேச்சு இருந்தால், சிறுநீரக டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் முடிவுசெய்ய அது உதவும்.