ஒரு ‘எச்’ எழுத்தும் என் மருந்தகவியல் விண்ணப்பமும்

இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவு எடுத்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் கையில் வந்தபிறகு, இனிப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் கண்ணில் பட்டது: என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு ஆங்கில ‘எச்’ எழுத்து கூடுதலாக இருந்தது, அவரது அடையாள அட்டையில் இல்லை. அன்றிரவு நித்திரையே இல்லை.

அடுத்தநாள் அம்மாவோடு கிராம அலுவலரிடம் போனேன். “பிள்ளை, இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து வை” என்றார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து, எல்லாப் பிரதியோடும் இணைத்துக்கொண்டேன்.

அப்புறம் தெரிவு வரிசை, அதாவது விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்தி எழுதுவது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே மருந்தகவியல் என்றாலும் யாழ்ப்பாணம், பேராதனை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனிக் குறியீடு. முதலில் யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டிருந்தேன். மற்றவற்றையும் விருப்பப்படி அடுத்தடுத்துச் சேர்த்தேன். நம் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில், வரிசையில் மேலே உள்ளதைத்தான் தருவார்கள். அதனால் போன வருட வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த குறைந்தபட்சப் புள்ளியை) பார்த்துப் பயந்து, உண்மையில் விரும்புவதைக் கீழே தள்ளாதீர்கள்.

மருந்தகவியல் நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். இப்போதே வேதியியல் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறேன்.